எத்தனை லாட் போடலாம்? டிரேடின் அளவை முடிவு செய்ய ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

"கையில் 5 லட்சம் இருக்கு, எத்தனை லாட் போடலாம்?" இந்தக் கேள்வியோடு மாதத்துக்கு இரண்டு பேராவது வந்துவிடுகிறார்கள். லாட் என்பது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஒரே தடவையில் வாங்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை. எந்தப் பங்கு, எந்த விலை, எந்த இண்டிகேட்டர் என்பதையெல்லாம் முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். அளவு மட்டும் கடைசியில் நிற்கும். புரோக்கர் ஆப்பில் 'தேவைப்படும் மார்ஜின்' (டிரேடுக்குப் பிணையாக வைக்க வேண்டிய பணம்) என்று ஒரு எண் வரும். கணக்கில் இருக்கும் பணத்தை அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை லாட் என்று கிடைத்துவிடும். பெரும்பாலோர் போடுவது அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் போட்டேன். 2024 ஜூன் 1 மாலை தேர்தல் கணிப்புகள் வந்தன. ஜூன் 3, திங்கட்கிழமை நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,264 அருகில் முடிந்தது. அப்போது ஒரு லாட் 25. என்னிடம் 4 லட்சம் இருந்தது. 23,250 அளவில் 4 லாட் ஃபியூச்சர் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) வாங்கினேன், மார்ஜின் போதும் என்று திரை சொன்னது. ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தை நிறுத்த விற்றுவிடும் விலை) 300 புள்ளி கீழே, 22,950. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. விலை 22,950-ஐ நெருங்கியபோது ஸ்டாப்லாஸை 22,700-க்கு இறக்கினேன். அப்புறம் 22,400-க்கு. அப்புறம் ஆர்டரையே எடுத்துவிட்டேன். கடைசியில் 22,000 பக்கத்தில் விற்று வெளியே வந்தபோது 1.25 லட்சம் போயிருந்தது, அதாவது கணக்கில் 31 சதவீதம். அன்று நிஃப்டி நடுவில் 21,281 வரை போய், 5.93 சதவீதம் இறங்கி 21,884-இல் முடிந்தது.

இதில் எனக்கு இன்னும் உறைப்பது வேறு. ஜூன் 7 வெள்ளிக்கிழமை நிஃப்டி 23,290-இல் முடிந்தது, நான் வாங்கிய விலைக்கும் மேலே. மூன்று நாளில் திரும்பி வந்துவிட்டது. சந்தை எந்தப் பக்கம் போகும் என்று நான் நினைத்தது தப்பில்லை. 4 லாட் என்பதுதான் தப்பு. ஒரே லாட் என்றால் 300 புள்ளிக்கு 7,500 ரூபாய். அந்த நஷ்டத்தை நான் முகம் சுளிக்காமல் ஏற்றிருப்பேன், ஸ்டாப்லாஸை இறக்கவே தோன்றியிருக்காது. 30,000 என்று சிவப்பில் தெரிந்ததால்தான் கை நடுங்கியது. ஒழுக்கம் இல்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிற பல இடங்களில், அளவு பெரிதாக இருந்ததுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) செய்த 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். 2024-25-க்கான அடுத்த ஆய்வில் அது 91 சதவீதம். இவ்வளவு பேரும் அளவு பெரிதாகப் போட்டதால்தான் தோற்றார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நல்ல முறை இல்லாதவரை எந்த அளவும் காப்பாற்றாது. நல்ல முறை இருந்தும் அளவால் அழிந்தவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து எடை போடுவது

ஆறு வழிகளையும் ஒரே கண்ணாடியில் பார்க்க ஒரு மாதிரி டிரேடு வைத்துக்கொள்வோம். கணக்கில் 5 லட்சம். பங்கின் விலை 800 ரூபாய். ஸ்டாப்லாஸ் 776, அதாவது பங்குக்கு 24 ரூபாய் ரிஸ்க்.

கேட்க வேண்டியவை இவை:

தொடர் நஷ்டத்தைத் தாங்குமா? பாதிக்குப் பாதி ஜெயிக்கிற முறையிலும், 100 டிரேடில் எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து 6 நஷ்டம் வருவதற்கு 54 சதவீத வாய்ப்பு இருக்கிறது. காசைச் சுண்டிப் பார்க்கிற அதே கணக்குதான். வருஷத்துக்கு 100 டிரேடு செய்பவருக்கு இது அபூர்வம் இல்லை, அநேகமாக நடக்கும்.

ஸ்டாப்லாஸ் வேலை செய்யாத நாளில் என்ன ஆகும்? விலை தாண்டிக் குதித்தாலும் (இதுதான் கேப்), லோயர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கீழ் எல்லை) பூட்டிக்கொண்டாலும் நீங்கள் எழுதிவைத்த விலைக்கு வாங்க ஆள் இருக்காது.

ஒரு டிரேடுக்கும் இன்னொன்றுக்கும் ரிஸ்க் சமமாக இருக்கிறதா?

கணக்கு கரையும்போது அளவும் தானாகச் சுருங்குமா? 10 சதவீதம் போனால் மீள 11 சதவீதம் போதும். 50 போனால் 100 வேண்டும். 80 போனால் 400.

காலை 9:20-க்குப் பதற்றத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளால் இதைச் செய்ய முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பாடப்புத்தகங்கள் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதே இதுதான்.

## வழி 1: மார்ஜின் அனுமதிக்கும் அளவு

இன்ட்ராடே, அதாவது அன்றே வாங்கி அன்றே விற்கும் பங்குகளுக்கு முன்பு புரோக்கர்கள் கையிருப்பைப் போல் 20 மடங்கு, 30 மடங்கெல்லாம் கொடுத்தார்கள். 2020 டிசம்பரில் தொடங்கி 2021 செப்டம்பரில் முழுமையான பீக் மார்ஜின் விதிகளுக்குப் பிறகு அது அதிகபட்சம் 5 மடங்கு. ஆகவே 5 லட்சத்துக்கு 25 லட்சம், அதற்கு 3,125 பங்கு.

24 ரூபாய் இறங்கினால் 75,000. கணக்கில் 15 சதவீதம், ஒரே டிரேடில். இப்படி ஆறு முறை தொடர்ந்து அடிபட்டால் மிச்சம் 1.89 லட்சம். பங்கு 20 சதவீதம் விழுந்து பூட்டிக்கொண்டால் முழு 5 லட்சமும் காலி.

"இன்ட்ராடேயில் கேப் எங்கே வரும்?" என்பார்கள். சரி, மாலைக்குள் விற்றுவிட்டால் வராது. ஆனால் லோயர் சர்க்யூட்டில் மாட்டினால் மாலைக்குள் விற்க முடியாது. பங்கு டெலிவரியாக உங்கள் தலையில் விழும், மீதி 20 லட்சத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். எம்டிஎஃப் என்று கடனில் வாங்கி இரவு தாண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது, நாள் வட்டி வேறு.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று: கட்டணங்கள் எல்லாம் உங்கள் பணத்துக்கு இல்லை, டிரேடின் மொத்த மதிப்புக்கு. 25 லட்சத்துக்கு எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரை வரி எல்லாம் போகும். ஆப்ஷன்ஸ், ஃபியூச்சர்ஸ் செய்த தனிநபர் ஒருவர் 2023-24-இல் கட்டணங்களுக்கு மட்டும் சராசரியாக 26,000 ரூபாய் கொடுத்ததாகச் செபி கணக்கு.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? விலை வித்தியாசத்தை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூட்டும் ஆர்பிட்ரேஜ்காரர்களுக்கு. மற்றபடி எனக்கு ஒருவரும் தோன்றவில்லை.

## வழி 2: எப்போதும் ஒரே எண்ணிக்கை

"நான் எப்பவும் 500 பங்குதான்", "எப்பவும் ஒரு லாட்தான்". கணக்கே போட வேண்டாம், அதுதான் இதன் அழகு. மாதிரி டிரேடில் 500 பங்குக்கு 12,000 நஷ்டம், 2.4 சதவீதம். பரவாயில்லை போலத் தெரியும். அடுத்த வாரம் 2,400 ரூபாய்ப் பங்கில் 70 ரூபாய் ஸ்டாப்லாஸோடு அதே 500 வாங்கினால் 35,000. ஏழு சதவீதம். ஆள் ஒன்றும் மாற்றவில்லை, ரிஸ்க் மட்டும் மூன்று மடங்கு ஆகிவிட்டது.

கணக்கு சுருங்கினாலும் எண்ணிக்கை சுருங்காது என்பது அடுத்த குறை. 5 லட்சத்தில் 2.4 சதவீதமாக இருந்த அதே 12,000, கணக்கு 3 லட்சம் ஆனபின் 4 சதவீதம். பலவீனமான நேரத்தில் அதிகமாகச் சுமக்க வைக்கிறது.

லாட் அளவை நாம் முடிவு செய்வதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நிஃப்டி லாட் 2024 ஏப்ரலில் 50-இலிருந்து 25 ஆனது. அதே நவம்பரில் 75 ஆனது. அப்புறம் 65. "எப்பவும் ஒரு லாட்" என்று இருந்தவருக்கு, 25-இலிருந்து 75 ஆனபோது அவர் எதுவும் செய்யாமலே ரிஸ்க் மூன்று மடங்கானது.

ஒரே ஒரு பங்கையோ இண்டெக்ஸையோ மட்டும் செய்பவர், ஸ்டாப்லாஸ் தூரமும் பெரிதாக மாறாதவர், கற்றுக்கொள்ளும் முதல் ஆறு மாதத்தில் இருப்பவர்: இவர்களுக்கு மிகச் சிறிய எண்ணிக்கையில் இது நல்ல வழிதான்.

## வழி 3: ஒவ்வொன்றிலும் ஒரே தொகை

ஒவ்வொரு பங்கிலும் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வது. மாதிரி டிரேடில் 125 பங்கு, ஸ்டாப்லாஸ் அடித்தால் 3,000 நஷ்டம். 20 சதவீத கேப் வந்தாலும் 20,000, அதாவது 4 சதவீதம். கடன் இல்லாததால் கணக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே போக வழியே இல்லை.

டெலிவரியில் வாங்கி வாரக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை என்பேன். ஈரோட்டில் மஞ்சள் கமிஷன் கடை வைத்திருந்த என் மாமனார், பருவத்தில் எவ்வளவு நல்ல சரக்கு வந்தாலும் ஒரே ஏலத்தில் கையிலிருப்பு முழுவதையும் இறக்க மாட்டார். அவர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான், பெயர் வைக்கவில்லை அவ்வளவே.

குறை என்னவென்றால், நாளுக்கு 1 சதவீதம் ஆடும் எஃப்எம்சிஜி (சோப்பு, பிஸ்கட் போன்ற அன்றாடப் பொருள்) பங்கும், 5 சதவீதம் ஆடும் ஸ்மால்கேப் என்ற சிறு நிறுவனப் பங்கும் இதில் ஒன்றாகத் தெரியும். கணக்கைப் பார்த்தால் ஐந்து பங்கில் சமமாகப் பிரித்தது போலிருக்கும். ஏற்ற இறக்கம் முழுவதும் அந்த ஒரு ஸ்மால்கேப்பிலிருந்து வரும்.

## வழி 4: கணக்கில் 1 அல்லது 2 சதவீதம்

இங்கேதான் கேள்வி தலைகீழாகிறது. எவ்வளவு வாங்கலாம் என்று கேட்காமல், இது தப்பாகப் போனால் எவ்வளவு இழக்கலாம் என்று முதலில் முடிவு செய்கிறோம். 5 லட்சத்தில் 1 சதவீதம், 5,000 ரூபாய். அதைப் பங்குக்கான ரிஸ்க் 24-ஆல் வகுத்தால் 208 பங்கு. அவ்வளவுதான் கணக்கு. செல்போன் கால்குலேட்டரில் பத்து விநாடி.

ஸ்டாப்லாஸ் தூரமானால் எண்ணிக்கை குறையும், கிட்டே இருந்தால் கூடும், நஷ்டம் மட்டும் மாறாது. கணக்கு கரைந்தால் 1 சதவீதமும் கரையும். ஆறு தொடர் நஷ்டத்துக்குப் பிறகும் 4.71 லட்சம் கையில் இருக்கும். 2 சதவீதம் என்றால் 4.43 லட்சம். 10 சதவீதம் போடுபவரிடம் 2.66 லட்சம்தான் மிஞ்சும், அவர் பழைய இடத்துக்கு வர 88 சதவீதம் லாபம் வேண்டும்.

இதன் ஓட்டைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும்.

முதல் ஓட்டை, கிட்டே வைக்கும் ஸ்டாப்லாஸ். 800 ரூபாய்ப் பங்கில் 4 ரூபாய் ஸ்டாப்லாஸ் வைத்தால் இதே கணக்கு 1,250 பங்கு வாங்கச் சொல்லும், 10 லட்சம் மதிப்பு. விதியை மீறவே இல்லை, ஆனால் இரண்டு மடங்கு கடனில் நிற்கிறோம். பெரிய அளவு போட ஆசைப்படுபவர்கள் ஸ்டாப்லாஸை நெருக்கிக் கணக்கைச் சரிக்கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நானே செய்திருக்கிறேன். அதனால் இன்னொரு வேலி தேவை: எந்த ஒரு பங்கின் மொத்த மதிப்பும் கணக்கில் இத்தனை சதவீதத்தைத் தாண்டாது என்று. இரவு தாண்டி வைப்பவற்றுக்கு நான் 30 சதவீதம் வைத்திருக்கிறேன். மாதிரி டிரேடின் 208 பங்குகூட 1.66 லட்சம், 33 சதவீதம். ஆகவே இரவு தாண்டினால் 187 பங்கோடு நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, நான்கு டிரேடு என்று நினைத்து ஒரே டிரேடை நான்கு முறை செய்வது. நான்கு வங்கிப் பங்குகளில் தலா 1 சதவீதம் வைத்தால், ரிசர்வ் வங்கி அறிவிப்பு வரும் நாளில் அது ஒரே 4 சதவீத டிரேடு.

மூன்றாவது ஓட்டை பெரியது. ஸ்டாப்லாஸ் என்பது ஒரு வேண்டுகோள்தான், உத்தரவாதம் இல்லை. 2020 மார்ச் 23 காலை நிஃப்டி திறக்கும்போதே சுமார் 800 புள்ளி கீழே திறந்தது, சற்று நேரத்தில் 10 சதவீத சர்க்யூட் அடித்து 45 நிமிடம் வர்த்தகமே நின்றது. அன்று மட்டும் 13 சதவீதம் இறக்கம். 2023 ஜனவரியில் ஹிண்டன்பர்க் அறிக்கை வந்தபின் அதானி டோட்டல் கேஸ் பங்கு நாள் கணக்கில் தொடர்ந்து லோயர் சர்க்யூட்டில் பூட்டிக் கிடந்தது. ஸ்டாப்லாஸ் வைத்திருந்தவர், வைக்காதவர் இருவருக்கும் ஒரே கதிதான்.

இதன் உச்சம் 2020 ஏப்ரல் 20. ஊரடங்கால் நம் கமாடிட்டி சந்தையான எம்சிஎக்ஸ் மாலை 5 மணிக்கே மூடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாத கச்சா எண்ணெய் காண்ட்ராக்ட் அன்று 965 ரூபாயில் முடிந்தது. நம் ஊர் இரவில் அமெரிக்கச் சந்தையில் விலை சரிந்து மைனஸ் 37.63 டாலரில் நின்றது. இங்கே காண்ட்ராக்ட் தீர்க்கப்பட்ட விலை மைனஸ் 2,884 ரூபாய். ஒரு லாட் 100 பேரல். 965-இல் ஒரு லாட் வாங்கி வைத்திருந்தவருக்கு காண்ட்ராக்டின் முழு மதிப்பே 96,500 ரூபாய்தான், நஷ்டமோ 3.85 லட்சம். "எண்ணெய் விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகுமா என்ன, அதிகபட்சம் ஒரு லட்சம்தானே" என்று கணக்குப் போட்டவரின் கணக்கு அன்று தப்பாகிவிட்டது. விற்க நினைத்திருந்தாலும் கடை மூடியிருந்தது.

இவ்வளவு ஓட்டை இருந்தும், இன்ட்ராடேயும் ஸ்விங்கும் (சில நாள் வைத்திருந்து விற்பது) செய்கிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான், மேலே சொன்ன வேலியோடு சேர்த்து. மிகச் சிறிய கணக்குக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 50,000 ரூபாயில் 1 சதவீதம் 500 ரூபாய். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கரிடம் வாங்கவும் விற்கவும் 40. ரிஸ்க்கில் 8 சதவீதம் அங்கேயே போகிறது. அப்படிப்பட்டவர் டிரேடு எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழி, சதவீதத்தை ஏற்றுவது இல்லை.

## வழி 5: பங்கு எவ்வளவு ஆடுகிறதோ அதற்கேற்ப

நான்காம் வழியின் அண்ணன். ஸ்டாப்லாஸை நம் இஷ்டத்துக்கு வைக்காமல், பங்கின் சராசரி தினசரி ஆட்டத்தை வைத்து முடிவு செய்வது. 1978-இல் வெல்ஸ் வைல்டர் தந்த ஏடிஆர் என்ற அளவு எல்லாச் சார்ட்டிலும் இருக்கிறது. நம் மாதிரிப் பங்கின் ஏடிஆர் 18 என்றால், இரண்டு மடங்கு 36. 5,000-ஐ 36-ஆல் வகுத்தால் 138 பங்கு.

ஸ்டாப்லாஸை நெருக்கி ஏமாற்றும் வேலை இதில் நடக்காது. சந்தை கொந்தளிக்கும்போது ஏடிஆர் ஏறும், அளவு தானாக இறங்கும். சிகாகோவில் 1983-இல் ரிச்சர்ட் டென்னிஸ் புதியவர்களைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுத்தபோது சொல்லிக்கொடுத்த அளவு முறையும் இந்த அடிப்படைதான். அதில் எனக்குப் பிடித்தது அளவைவிட உச்சவரம்புகள். ஒரே சந்தையில் அதிகபட்சம் 4 யூனிட் (இந்தக் கணக்குப்படி ஒரு தடவை வாங்கும் அளவு), ஒன்றோடொன்று நெருக்கமாக ஆடும் சந்தைகளில் சேர்த்து 6, ஒரே திசையில் மொத்தம் 12. நான்கு வங்கிப் பங்குப் பிரச்சினையை அவர்கள் நாற்பது வருஷத்துக்கு முன்பே முடித்துவிட்டார்கள்.

குறை: அமைதியான காலத்தில் ஏடிஆர் சுருங்கி, அளவு பெருத்துவிடும். தேர்தல், பட்ஜெட் போன்ற நாட்களுக்கு முந்தைய அமைதியில் இது தவறான தைரியம் தரும். இன்ட்ராடேக்காரருக்கு தினசரி ஏடிஆர் பெரிதும் உதவாது. பல பங்குகளை, பல கமாடிட்டிகளை ஒரே விதியில் நாட்கணக்கில் வைத்திருப்பவருக்கு இதுதான் சிறந்தது.

## வழி 6: கெல்லி கணக்கு

பெல் லேப்ஸில் இருந்த ஜான் கெல்லி 1956-இல் தந்த சூத்திரம். வெல்லும் வாய்ப்பிலிருந்து, தோற்கும் வாய்ப்பை லாப நஷ்ட விகிதத்தால் வகுத்து வருவதைக் கழிக்க வேண்டும். 45 சதவீதம் ஜெயிக்கிறீர்கள், ஜெயித்தால் ஒன்றரை மடங்கு வருகிறது என்றால் 0.45-இலிருந்து 0.367-ஐக் கழிக்க 8.3 சதவீதம். நீண்ட காலத்தில் பணத்தை வேகமாக வளர்க்கும் அளவு இதுதான் என்பது கணிதம், அதில் சண்டை இல்லை.

சண்டை அந்த 45-இல் இருக்கிறது. அது உண்மையில் 40 ஆக இருந்தால்? 0.40-இலிருந்து 0.40 கழித்தால் பூஜ்ஜியம். அதாவது அந்த டிரேடையே செய்யக் கூடாது, நீங்களோ ஒவ்வொரு முறையும் 8.3 சதவீதம் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 60 டிரேடு செய்த அனுபவத்தில் 45-ஐயும் 40-ஐயும் பிரித்தறிய யாராலும் முடியாது. அப்படியே எண் சரியாக இருந்தாலும், முழுக் கெல்லியில் கணக்கு என்றாவது ஒருநாள் பாதியாகும் வாய்ப்பு ஏறக்குறைய 50 சதவீதம்.

கெல்லியைத் தெரிந்தவர்கள் அதில் பாதியோ கால்வாசியோதான் வைப்பார்கள். 8.3-இல் கால்வாசி 2.1. சுற்றிச் சுற்றி வந்தால் நான்காம் வழியின் 2 சதவீதத்தில் நிற்கிறோம்!

## பெயர் வைக்காத ஏழாவது: ஆவரேஜ்

ஆறு என்று தலைப்பில் சொன்னேன். இதை வழி என்று ஒப்புக்கொள்ள மனமில்லை, ஆனால் நடைமுறையில் அதிகம் பேர் செய்வது இதுதான். இறங்க இறங்க இரட்டிப்பாக வாங்குவது. 5,000 ரிஸ்க்கில் தொடங்கி 10, 20, 40, 80, 160 ஆயிரம் என்று ஆறு முறை தோற்றால் போனது 3.15 லட்சம். ஏழாவதற்கு 3.20 லட்சம் வேண்டும், இருப்பது 1.85. பாதிக்கு மேல் வாய்ப்புள்ள அதே ஆறு தொடர் நஷ்டம்தான். பல மாதம் இது வேலை செய்யும் என்பதுதான் இதன் ஆபத்து.

மாதாமாதம் இண்டெக்ஸ் ஃபண்டில் போடுவதும் ஆவரேஜ்தானே என்று கேட்பார்கள். அங்கே கடன் இல்லை, எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் நாள்) இல்லை, போடும் தொகை இரட்டிப்பாவதும் இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது துரதிர்ஷ்டம்.

## எண்கள் ஒரே இடத்தில்

கணக்கு 5 லட்சம், விலை 800, ஸ்டாப்லாஸ் 24 ரூபாய். ஐந்தாம் வழிக்கு மட்டும் 36 ரூபாய்.

| வழி | பங்குகள் | ஸ்டாப்லாஸ் அடித்தால் | 20% கீழே பூட்டினால் | 6 தொடர் நஷ்டத்துக்குப் பின் |
|---|---|---|---|---|
| மார்ஜின் முழுவதும் | 3,125 | 75,000 | 5,00,000 | 1.89 லட்சம் |
| ஒரே எண்ணிக்கை | 500 | 12,000 | 80,000 | 4.28 லட்சம் |
| ஒரே தொகை | 125 | 3,000 | 20,000 | 4.82 லட்சம் |
| 1 சதவீதம் | 208 | 5,000 | 33,300 | 4.71 லட்சம் |
| ஏடிஆர் | 138 | 5,000 | 22,100 | 4.71 லட்சம் |
| முழுக் கெல்லி | 1,736 | 41,700 | 2,77,800 | 2.97 லட்சம் |

எல்லோரும் அட்டவணையின் கடைசிப் பத்தியைப் பார்ப்பார்கள். நான் நான்காம் பத்தியை, '20% கீழே பூட்டினால்' என்பதைப் பார்க்கச் சொல்வேன். கடைசிப் பத்தி மோசமான மாதத்தைக் காட்டுகிறது. நான்காவது காட்டுவது ஒரே ஒரு மோசமான காலையை.

## ஃபியூச்சர், ஆப்ஷன் செய்பவர்களுக்கு

பங்கில் 208 வேண்டுமானால் 208 வாங்கலாம். லாட்டில் அந்தச் சௌகரியம் இல்லை. நிஃப்டி ஃபியூச்சரில் 300 புள்ளி ஸ்டாப்லாஸ், லாட் 65 என்றால் ஒரு லாட்டுக்கு ரிஸ்க் 19,500 ரூபாய். அது 2 சதவீதமாக இருக்க வேண்டுமானால் கணக்கில் 9.75 லட்சம் வேண்டும். 1 சதவீதமாக இருக்க 19.5 லட்சம். ஆகவே ஆரம்பத்துக் கேள்விக்கு, 5 லட்சத்தில் எத்தனை லாட் என்பதற்கு, என் பதில் பூஜ்ஜியம். கேட்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை.

"அப்போ ஆப்ஷன் வாங்குறேன், நஷ்டம் பிரீமியத்தோடு நின்றுவிடுமே?" உண்மைதான், கேப் பிரச்சினைக்கு அது நல்ல மருந்து. 120 ரூபாய் பிரீமியம் (ஆப்ஷனுக்குக் கொடுக்கும் விலை), 65 லாட், மொத்தம் 7,800. ஆனால் அந்த 7,800 முழுவதையும் ரிஸ்க்காக எழுத வேண்டும், 'பாதியில் விற்றுவிடுவேன்' என்று 3,900 எழுதக் கூடாது. சந்தை நகராமல் நின்றாலே பிரீமியம் தேயும். எக்ஸ்பைரி நாளில் 5 ரூபாய் ஆப்ஷனை 40 லாட் வாங்குபவர் 13,000 ரூபாய்க்கு லாட்டரிச் சீட்டு வாங்குகிறார்.

ஆப்ஷன் விற்பவர்களுக்கு மார்ஜினே ரிஸ்க் என்று ஒரு மயக்கம் உண்டு. அது புரோக்கரின் பாதுகாப்புக்கு வைத்த பிணை, நம் நஷ்டத்தின் எல்லை கிடையாது. ஹெட்ஜாக, அதாவது பாதுகாப்புக்கு, இன்னொரு ஆப்ஷனை வாங்கி இரண்டு ஆப்ஷன்களின் குறித்த விலைகளுக்கு இடையிலான அகலத்தைப் பூட்டியபின், அந்த அகலத்தை லாட்டால் பெருக்கி வருவதுதான் ரிஸ்க் என்று எழுதினால் கணக்கு நேராகும்.

## என்னுடைய தேர்வு

நீண்ட கால டெலிவரிக்கு மூன்றாம் வழி. ஸ்விங்குக்கு நான்காம் வழி, 1 சதவீதம், இரவு தாண்டினால் 30 சதவீத வேலி. ஒரே துறையில் இரண்டு டிரேடுக்கு மேல் இல்லை. தேர்தல் முடிவு, பட்ஜெட் போன்ற நாட்களுக்கு முந்தைய மாலை எல்லாவற்றையும் பாதியாக்கிவிடுகிறேன்.

2024 ஜூனில் விஷயம் வீட்டில் தெரிந்தபோது மாமனார் ஒன்றும் திட்டவில்லை. "எவ்வளவுங்க போச்சு, மாப்ள?" என்றார். சொன்னேன். "எவ்வளவு போகலாம்னு நெனச்சு எறங்குனீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இப்போது எக்செல்லில் விலைக் கட்டத்துக்கு முன்னால் அதற்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அதை நிரப்பாமல் எண்ணிக்கைக் கட்டம் திறக்காது. போன மாதம் ஒரு நிஃப்டி டிரேடுக்கு அது 0.6 லாட் என்று காட்டியது. 0.6 லாட் என்று ஒன்று கிடையாது, விட்டுவிட்டேன். அன்று நிஃப்டி நான் நினைத்த பக்கமே போனது. மத்தியானம் வரை எரிச்சலாகத்தான் இருந்தது.